பனிவிளிம்பில் ஒரு நாள்: கங்கர்லுசுவாக்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கிரீன்லாந்தில் பெயர்பெற்ற பனியாறுகள் பெரும்பாலும் கடலில் போய் முடிகின்றன. படகில் இருந்தோ ஹெலிகாப்டரில் இருந்தோ தூரத்தில் பார்க்கலாம், விளிம்பில் போய் நிற்க முடியாது. மேற்குக் கிரீன்லாந்தில் கங்கர்லுசுவாக் என்ற சிற்றூருக்குக் கிழக்கே அப்படியில்லை. தீவின் பெரும்பகுதியை மூடிக் கிடக்கும் பனிவிரிப்பின் ஓரம் அங்கே தரையிலேயே முடிகிறது. ஊரிலிருந்து பனிவரைக்கும் மண்சாலையும் இருக்கிறது. மலையேற்றப் பழக்கம் இல்லாதவர்கள்கூட காலையில் கிளம்பிப் பனிச்சுவர், உருகுநீர் ஆறு, சரளைமேடு, பனியின் மேற்பரப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரவு ஊரில் வந்து படுத்துவிடலாம். ஆர்க்டிக் பனியாறு ஒன்றை முதன்முதலாகக் கிட்டே போய்ப் பார்க்க ஆசைப்படுகிற யாருக்கும் நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

போகிற எல்லோரும் பனியைப் பார்க்கப் போகிறார்கள். கண்வைக்க வேண்டியது தண்ணீர்மேல். அங்கே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு குழிக்கும் வரிக்கும் மேட்டுக்கும் பின்னால் உருகிய தண்ணீரின் வேலை இருக்கிறது. எங்கே நிற்கலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அதே தண்ணீர்தான் முடிவுசெய்யும். தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த நாள் இரண்டு மடங்கு பார்த்ததாக இருக்கும், பத்திரமாகவும் இருக்கும்.

கிளம்புமுன்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் முதலில் விசாவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ் வந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதிக்குள் சேராது. கையில் இருக்கும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. டென்மார்க் வழியாக விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்துக்கும் சேர்த்துக் கேட்டு, அது செல்லும் என்ற குறிப்பு விசாவில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். செலவெல்லாம் டேனிஷ் குரோனில்.

கங்கர்லுசுவாக் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 50 கி.மீ. வடக்கே, ஒரு நீண்ட கடற்கழியின் தலைப்பில் இருக்கிறது. ஐந்நூறு பேர் அளவில்தான் ஊர். 1941-ல் அமெரிக்க இராணுவம் இங்கே விமானத்தளம் அமைத்தது, 1992-ல் காலிசெய்தது. அந்த ஓடுபாதைதான் வெகுகாலம் கிரீன்லாந்தின் முக்கியப் பன்னாட்டு விமான நிலையமாக இருந்தது. 2024 நவம்பரில் தலைநகர் நூக்கில் புதிய ஓடுபாதை திறந்தபிறகு கோபன்ஹேகன் விமானங்கள் பெரும்பாலும் அங்கே மாறிவிட்டன. ஆகவே நூக் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்கும்படி திட்டமிடுங்கள். மூடுபனியாலும் காற்றாலும் விமானம் தள்ளிப்போவது அந்த நாட்டில் சகஜம். முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது போவது? உருகல் ஜூனில் சூடுபிடித்து ஜூலையில் உச்சத்துக்கு வரும். செப்டம்பரில் அடங்கும். ஜூலையில் பகல் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஆறு முழு வேகத்தில் ஓடும், இரவென்பதே இருக்காது. கூடவே கொசு. முகத்தை மூடும் கொசுவலை இல்லாமல் ஜூலையில் போனால் எதையும் நின்று பார்க்க முடியாது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் கொசு ஓய்ந்திருக்கும், ஓடைகள் மெலிந்திருக்கும், தரைச்செடிகள் சிவந்திருக்கும், இரவில் வானம் இருட்டி வடதுருவ ஒளியும் தெரியலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு இந்தப் பருவம்தான் என் தேர்வு. அதற்கும் ஓர் ஆபத்து உண்டு. அதைப் பனிச்சுவர் பகுதியில் சொல்கிறேன்.

உடுப்பில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி, நடுவே ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஊரில் வெயிலாக இருக்கிறதே என்று இதை விட்டுவிட்டு வராதீர்கள். பனிவிரிப்பின் மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து வந்துகொண்டே இருக்கும். விளிம்பை நெருங்கும்போது சில நூறு மீட்டருக்குள் குளிர் மாறுவது முகத்தில் தெரியும். கணுக்கால் மூடிய நீர்புகா பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, இரண்டு நடைக்கோல், பைனாகுலர், மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி. ஊரைத் தாண்டினால் கைபேசி சிக்னல் போய்விடும் என்று வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பனிக்கரடி பற்றி எல்லோரும் கேட்பார்கள். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் ஊர் எல்லையைத் தாண்டினாலே கரடியை விரட்டும் சாதனம் வைத்திருக்க வேண்டும். கங்கர்லுசுவாக் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால் இங்கே கரடி வருவது மிக அபூர்வம். ஆர்க்டிக் நரிகளுக்கு வெறிநோய் இருக்க வாய்ப்புண்டு, அதற்குத் தீனி போட்டுக் கிட்டே அழைக்காதீர்கள்.

நாளின் கணக்கு

வழியில் இறங்குமுன் இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பனி உருகுவது வெயிலால். நடுப்பகலில் உருகிய தண்ணீர் பனியின் மேலும் அடியிலும் ஓடி விளிம்புக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். ஆகவே விளிம்பின் ஓடைகளில் தண்ணீர் மிகக் குறைவாக இருப்பது காலையில். மிக அதிகமாக இருப்பது பிற்பகல் முடிந்து மாலை வரும் வேளையில். காலை ஒன்பது மணிக்குக் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மாலை ஐந்து மணிக்கு முழங்காலுக்கு மேல் இழுக்கும். திரும்பி வரும் வழியில் ஓடை இருந்தால், மதியத்துக்குள் அதைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். அது முடியாதென்றால் அந்த ஓடையைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

அகலமாகப் பிரிந்து ஓடும் இடம்தான் ஆழம் குறைந்த இடம். குறுகலான இடத்தைத் தேடுவது புதியவர்களின் இயல்பு, அங்கேதான் வேகமும் ஆழமும் இருக்கும். பூட்ஸைக் கழற்றாமல், முதுகுப்பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி கோலை ஊன்றி ஒவ்வோர் அடியாக நகருங்கள். கால் போடும் இடத்தில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் அந்த நீரோட்டம் உங்களையும் உருட்டும். திரும்பிவிடுங்கள்.

சாலையில்

ஊரிலிருந்து பனிக்குப் போகும் மண்சாலையை 2000-க்குச் சற்று முன்பின்னாக ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் போட்டது, பனிமேல் கார்களை ஓட்டிச் சோதிப்பதற்காக. சோதனைக்கூடம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது, சாலை நிலைத்துவிட்டது. 25-ஆம் கிலோமீட்டர் வாக்கில் ரஸ்ஸல் பனியாறு. இன்னும் பத்து கி.மீ. சொச்சம் போனால் சாலை முடியும் பாயின்ட் 660. உயரத்தை வைத்து வந்த பெயர். ஊரில் சுற்றுலா வண்டிகள் இரண்டு இடத்துக்கும் போகின்றன. நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது ஒரு நாளில் அடங்காது. முதல்முறை என்றால் வண்டியில் போய், இறங்கி நடப்பதே சரி.

வழியில் பள்ளத்தாக்கின் அடியெல்லாம் மணல். இங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே மிகக் குறைவு. பனியாறு அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் காற்றில் பறந்து மேடுகளாகக் குவிகின்றன. மேட்டுமணலில் நடக்கலாம். ஆற்றோரத்தில் ஈரமாகப் பளபளக்கிற, மிதித்தால் அதிர்கிற வண்டல் தரையில் கால்வைக்காதீர்கள். அது புதைமணல். கால் இறங்கிவிட்டால் பதறி இழுக்காமல், பையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து, உடம்பின் பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும்.

கஸ்தூரி எருதுகளைப் பார்க்காமல் இந்தச் சாலையில் போவது அரிது. 1960-களில் கிழக்குக் கிரீன்லாந்திலிருந்து இருபத்தேழு குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அவை ஆயிரக்கணக்கில். அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சாது என்று நினைக்க வேண்டாம். நூறு மீட்டருக்குள் போகாதீர்கள். தலையைத் தாழ்த்தி முகத்தை முன்னங்காலில் தேய்த்தால் அது எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடாமல் மெல்ல விலகுங்கள்.

தண்ணீரின் நிறம்

பனியை அடையுமுன் ஆற்றங்கரையில் மேடான ஓர் இடத்தில் நின்று தண்ணீரைப் பாருங்கள். பனியிலிருந்து ஊர்ப்பக்கம் ஓடிவரும் வாட்சன் ஆற்றில் இருப்பது அரிசி கழுவிய கழுநீரைப் போலக் கலங்கி, அதைவிடச் சாம்பல் பூத்திருக்கும். பனியாறு நகரும்போது அடியில் மாட்டிய கற்கள் பாறையைத் தேய்க்கின்றன. மாவாக அரைபட்ட அந்தத் தூள்தான் இந்த நிறம். அத்தனை நுண்ணிய தூள் தேங்கிய நீரில்கூடப் படிய நாளாகும்.

இப்போது பக்கவாட்டில் வந்து சேரும் சிறு ஓடைகளைத் தேடுங்கள். தெளிவாக இருந்தால் அது குளத்திலிருந்தோ மலைப்பக்கப் பனித்திட்டிலிருந்தோ வருவது. சாம்பலாக இருந்தால் பனியாற்றின் அடியைத் தொட்டு வந்தது. பாயின்ட் 660-க்கு மேலே பனியின் முதுகில் ஓடும் ஓடைகளோ கண்ணாடித் தெளிவில் நீலமாக இருக்கும், ஏனென்றால் அவை இன்னும் பாறையைத் தொடவில்லை. அதே தண்ணீர்தான் பனியில் விழுந்திருக்கும் ஆழமான துளைகளில் இறங்கி, அடிப்பாறைவரை போய், தூளை அள்ளிக்கொண்டு விளிம்பில் சாம்பலாக வெளியே வருகிறது. நீல ஓடையையும் சாம்பல் ஆற்றையும் ஒரே நாளில் பார்த்தால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பயணம் மனத்தில் பிடிபட்டுவிடும். எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

அந்தப் பயணத்தால் பனிக்கும் விளைவு உண்டு. அடியில் சேரும் தண்ணீரின் அழுத்தம் பனியைப் பாறையிலிருந்து சற்றே தூக்கிக்கொடுக்க, கோடையில் பனி வேகமாக வழுக்குகிறது. பாயின்ட் 660-லிருந்து உள்ளே போகும் இதே அகலாங்கில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் கம்புகள் நட்டுப் பனியின் இழப்பையும் நகர்வையும் அளந்து வருகிறார்கள். நீங்கள் நிற்கும் இடம் உலகில் மிக நெடுங்காலம் கவனித்து அளக்கப்பட்ட பனிவிளிம்புகளில் ஒன்று.

குடிக்கத் தெளிந்த ஓடைநீரை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நீரைக் குடிக்காதீர்கள், அதில் இருப்பது கல்தூள்.

பனிச்சுவரின் முன்னால்

ரஸ்ஸல் பனியாற்றின் முகப்பு சில இடங்களில் 60 மீட்டர்வரை செங்குத்தாக நிற்கிறது. அடியை ஆறு அரித்துக்கொண்டே இருப்பதால் மேலேயிருந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். குளிர்ந்த காலை வேளைகளில் குறைவு, வெயிலேறிய பிற்பகலில் அதிகம், ஆனால் எந்த நேரமும் விழலாம். 200 மீட்டராவது தள்ளி, ஆற்றின் இந்தக் கரையில், நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே நில்லுங்கள். தூரம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். பாளம் ஆற்றில் விழும்போது அலை எழும்பிக் கரையேறும், பனித்துண்டுகளையும் வீசும். தாழ்ந்த சரளைக்கரையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தால் அலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நல்ல மேடு கிடைத்ததும் உட்காருங்கள். அரைமணி நேரமாவது உட்காருங்கள். பத்து நிமிடத்தில் படமெடுத்துவிட்டுப் போகிறவர்கள் வெள்ளைச் சுவர் ஒன்றைத்தான் பார்த்திருப்பார்கள். பைனாகுலரில் அடியிலிருந்து மேலாகப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் பழுப்பு வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும்; அடியில் அரைபட்ட மண்ணும் கல்லும் பனியோடு உறைந்து சேர்ந்த அடுக்குகள் அவை. மேலே வெண்மையான பகுதியில் காற்றுக்குமிழ்கள் நிறைய. புதிதாகப் பெயர்ந்த முகங்களில் நீலம் தெரியும். நெருங்கி இறுகிய பனிக்குள் ஒளி வெகுதூரம் போகும்போது சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் தப்பி வருகிறது. சில நாட்கள் வெயிலில் காய்ந்தால் அந்த முகமும் வெளுத்துவிடும். ஆகவே நீலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சமீபத்தில் விழுந்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

ஆறு பனிக்கடியிலிருந்து வெளியேறும் வாயில் பெரிய குகையாகத் தெரியலாம். கோடையில் அதற்குள் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. கூரை உருகிக்கொண்டிருக்கும், விழுமுன் சொல்லாது.

சுவரிலிருந்து வெகு கீழே, ஆறு அகலமாகும் இடத்தில் கரை ஒதுங்கிய பனித்துண்டு கிடைத்தால் ஒன்றைக் கையில் எடுங்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அது ஒரே கட்டியாக இல்லாமல், ஒன்றோடொன்று பூட்டிய படிகங்களாகத் தெரியும். விரல்நகம் முதல் கட்டைவிரல் அளவுக்கு ஒவ்வொன்றும் ஒரு படிகம், நடுவில் மெல்லிய கோடுகள். காதருகே கொண்டுபோனால் சிறு சிறு வெடிப்புச் சத்தம் கேட்கும். நெடுங்காலத்துக்கு முன் உள்நாட்டில் விழுந்த பனிப்பொழிவுக்கிடையே சிக்கி, மேலே குவிந்த பாரத்தால் நெரிந்த காற்று, சுவர் உருகி மெலிந்ததும் பட்டென்று வெளியேறுகிறது.

முன்பு சொன்ன ஆபத்துக்கு வருவோம். ரஸ்ஸல் பனியாற்றின் வடக்கு ஓரத்தில் பனியே அணையாக நிற்க, பின்னால் ஓர் ஏரி தேங்குகிறது. பனி தடிமனாக இருக்கும்வரை அணை தாங்கும். பனி மெலிந்தால், அவ்வளவு ஆழமில்லாத தண்ணீரே அணையைத் தூக்கி அடியில் வழி பிடித்துவிடும். 2007 ஆகஸ்ட் 31 அன்று, இருபது ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாக அந்த ஏரி திடீரென்று வடிந்தது. அதற்குப்பின் பல ஆண்டுகளில் இது நடந்திருக்கிறது, பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். ஆற்றோரத் தாழ்வில் கூடாரம் போடாதீர்கள். குளிர்ந்த நாளிலோ விடியற்காலையிலோ, காரணமில்லாமல் நீர் ஏறினால், வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கலங்கிப் பனிப்பாளங்கள் மிதந்து வந்தால், சாமானைப் பற்றி யோசிக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

சரளைமேடுகள்

பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும் சேர்ந்த மேடுகளை மொரெய்ன் என்பார்கள். பார்க்கச் சாதாரணக் கரடுபோல இருக்கும். பலவற்றின் உள்ளே இன்னும் பனி இருக்கிறது, மேலே ஒரு முழத்துக்கும் குறைவான மண்போர்வை. சரிவில் ஈரம் மினுங்கினால், மண் வழுகிய தடம் இருந்தால், உச்சியில் வெடிப்பு ஓடினால் உள்ளே பனி உருகுகிறது என்று பொருள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கோலைக் குத்திப் பாருங்கள். டக்கென்று தட்டினால் பனி, சறுக்கும். சொதசொதவென்று இறங்கினால் சேறு, முழங்கால்வரை போகலாம். மேடுகளுக்கு நடுவே வட்டமான குட்டைகள் இருக்கும், புதைந்திருந்த பனிக்கட்டி உருகித் தரை உள்வாங்கிய இடங்கள் அவை.

விளிம்பையொட்டி வழவழப்பான பாறை தெரிந்தால் குனிந்து விரலால் தடவுங்கள். ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தட்டுப்படும். பனி எந்தப் பக்கமாக நகர்ந்ததோ அந்தத் திசை. கொஞ்சம் மேலே பார்த்தால் கரும்பாசி படர்ந்த பழம்பாறையும், கீழே பாசியே இல்லாத வெளிறிய பாறையும் ஒரு கோட்டில் பிரியும். வெளிறிய பகுதி அண்மைக் காலம்வரை பனிக்கடியில் இருந்தது.

பனியின் முதுகில்

பாயின்ட் 660-ல் சாலை முடிந்து, மேட்டைத் தாண்டினால் பனி. விளிம்பு ஆண்டுக்காண்டு மாறுகிறது, போன வருடத்துப் பாதை இந்த வருடம் குட்டையாகக் கிடக்கலாம். ஓரத்தில் கிராம்பான் (பூட்ஸின் அடியில் கட்டும் இரும்புமுள் சட்டம்) மாட்டிக்கொண்டு சிறிது நடப்பது புதியவர்களாலும் முடியும். அதற்கு மேல் உள்ளே போவதென்றால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் வேண்டாம். பனிவிரிப்பைக் குறுக்கே கடக்கும் நெடும்பயணங்களுக்குக் கிரீன்லாந்து அரசின் அனுமதியே தேவை.

பனி சமதளமாக இருக்காது. முதுகு முதுகாக மேடும் பள்ளமும். கோடையில் மேல்தோல் வெயிலில் அரிபட்டு நொறுநொறுவென்று இருப்பதால் பிடிமானம் நன்றாகவே கிடைக்கும். நம்பிக்கை வந்த பிறகுதான் எல்லோரும் ஓடைப்பக்கம் போவார்கள், அங்கே பிடிமானம் இருக்காது. ஓடையின் படுகை தேய்ந்து மெழுகிய நீலப்பனி. விழுந்தால் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது, எழ முடியாது, ஓட்டம் கீழே இழுத்துக்கொண்டே போகும். போய் முடிவது ஒரு துளையில். ஒரே எட்டில் வசதியாகத் தாண்ட முடியாத ஓடையைத் தாவாதீர்கள்.

அந்தத் துளையைத்தான் முலான் என்கிறார்கள். ஓடை சுழன்று இறங்கும் செங்குத்துக் கிணறு. அதன் விளிம்பு உள்ளே குடைந்திருக்கும், மேலே நிற்பவருக்குத் தெரியாது. வழிகாட்டி கயிறு கட்டினால் ஒழிய எட்டிப் பார்க்காதீர்கள். தள்ளி நின்றாலே அடிவயிற்றில் உணரும்படி அதன் இரைச்சல் கேட்கும். ஜூனில் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பிளவுகளையும் ஓடைகளையும் பழைய பனிப்பொழிவு மூடியிருக்கலாம். வெள்ளையாகத் தொடரும் இடத்தைவிட, வெறும் பனி தெரியும் இடமே நம்பத்தக்கது.

இனி நின்று பார்க்க வேண்டியது காலடியில் இருக்கிறது. பனியெங்கும் வட்டவட்டமாகச் சிறு துளைகள், சில விரல் நுழையும் அளவு, சில கை நுழையும் அளவு. பக்கங்கள் செங்குத்து, அடி தட்டை, உள்ளே தெளிந்த நீர், அடியில் மெல்லிய கறுப்புப் படிவு. காலையில் மேலே கண்ணாடித்தாள் கனத்தில் பனிமூடி இருக்கும். முட்டிபோட்டுக் குனிந்து, உங்கள் நிழல் விழாமல் பாருங்கள். கறுப்புப் படிவு மணிமணியாகத் திரண்டிருக்கும். காற்றில் வந்த தூசியும், அதைப் பின்னிப் பிடித்திருக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்தது அது. 1870-ல் மேற்குக் கிரீன்லாந்தில் பனிமேல் நடந்த ஆய்வுப் பயணி நோர்டன்ஷெல்ட் இதற்குக் கிரையோகோனைட் என்று பெயர் வைத்தார். கறுப்பு வெயிலை உறிஞ்சி, சுற்றிலும் உள்ள பனியைவிட வேகமாக உருகி, தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு இறங்குகிறது. கையை விட்டுக் கலக்காதீர்கள். அது ஒரு வாழிடம்.

குழிகளுக்கு வெளியேயும் பனி அழுக்காக, ஊதா கலந்த பழுப்பாகத் தெரியும். ஏமாற்றமாக இருக்கிறது என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த நிறத்தில் பெரும்பங்கு உயிருள்ள பாசி. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது வைத்திருக்கும் நிறமி அது. தென்மேற்குக் கிரீன்லாந்தில் கோடைதோறும் இப்படிக் கறுத்துப்போகும் அகன்ற பட்டை ஒன்று விண்வெளியிலிருந்தே தெரிகிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கறுத்த வெறும்பனி பாதியைக்கூட அனுப்பாது. மிச்சமெல்லாம் உருக்கப் போகிறது. கீழே ஆற்றில் பார்த்த தண்ணீர் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு விடை இந்தப் பழுப்பில் இருக்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் உயரும். அந்தப் பெரிய கணக்கின் ஓரத்தில்தான் நீங்கள் முட்டிபோட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்துவிட்டு எழுந்திருங்கள்.

திரும்பும்போது

கொண்டுபோனதை எல்லாம் கொண்டுவந்துவிடுங்கள், பழத்தோல் உட்பட. இந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மட்காது. நெருப்பு மூட்டாதீர்கள். மேற்குக் கிரீன்லாந்தில் 2017-லும் 2019-லும் தரைச்செடியும் அதன் கீழுள்ள மட்கும் பற்றி நாள்கணக்கில் எரிந்திருக்கின்றன. அடுக்கிய கற்கள், கல்வரிசைகள் தென்பட்டால் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. பனிவிளிம்பிலிருந்து மேற்கே கடல்வரை இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கலைமான் வேட்டையாடிய நிலம் இது. அதன் ஒரு பகுதி ஆசிவிசுயிட் – நிபிசாட் என்ற பெயரில் 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமானது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலை, திரும்பிவிட்டோம் என்று தங்குமிடத்தில் சொல்வது. அப்புறம் சாப்பிட்டுவிட்டு, தூங்குமுன் வாட்சன் ஆற்றுப் பாலத்துக்குப் போய்வாருங்கள். பனியிலிருந்து இவ்வளவு தூரம் ஓடிவர வேண்டியிருப்பதால், நீங்கள் மதியம் பனிமேல் பார்த்த உருகல் இங்கே உச்சம் எட்டுவது இரவில்தான். 2012 ஜூலையில் ஏறத்தாழ முழுப் பனிவிரிப்பின் மேற்பரப்பும் ஒரே சமயத்தில் உருகியபோது, இந்த இடத்தில் இருந்த பாலத்தின் ஒரு பகுதியை ஆறு அடித்துக்கொண்டு போனது. இப்போதும் வெயில் காய்ந்த நாளின் இரவில் பாறை இடுக்கில் தண்ணீர் எகிறி வரும். மேலேயிருந்து பார்த்தால் போதும், கரைப்பாறைகளில் இறங்க வேண்டாம். சாரல் பட்டு வண்டல் படிந்த அந்தப் பாறைகளில் எந்தப் பூட்ஸும் நிற்காது.